தாங்கிக்கொள் என்று சொல்லும் புத்தகங்கள்



நம் மூத்த தோழரின் நினைவாக நடக்கும் இந்த உரையில், இம்முறை ஒரு வகைப் புத்தகங்களைப் பற்றிப் பேச எண்ணினோம். கவிதையோ நாவலோ அல்ல. மனவலிமை, வாழ்வின் நோக்கம், விழுந்தால் எழுவது எப்படி என்று பேருந்து நிலையக் கடைகளில் அடுக்கி வைத்திருக்கிறார்களே, அவை. தோழருக்கு அவற்றைக் கண்டாலே ஆகாது. எங்களுக்கு அந்த அளவு வெறுப்பு இல்லை.

சென்ற ஆண்டு ஒரு கல்லூரியில், உதவித்தொகை வராததால் கட்டணம் கட்ட முடியாத விடுதி மாணவர்களுக்குத் தேர்வு நுழைவுச்சீட்டு தரவில்லை. முறையிடப் போனவர்களை ஒரு பயிலரங்கில் உட்கார வைத்தார்கள். தலைப்பு, 'மீண்டெழும் ஆற்றல்'. முடிவில் ஆளுக்கொரு புத்தகம். அவர்களில் ஒருத்தி எங்கள் வாசிப்பு வட்டத்துக்கு வந்து அந்தப் புத்தகத்தை மேசைமேல் வைத்தாள். "இதுல விக்டர் பிராங்கல்னு ஒருத்தர் வர்றார் அக்கா. வதைமுகாமையே தாங்கினாராம். நான் ஹால் டிக்கெட்டுக்கு அழுறேன். வெட்கமா இருக்கு" என்றாள்.

அந்த வெட்கம் எங்களை உறுத்தியது. பிராங்கலை மறுபடி எடுத்துப் படித்தோம்.

வியன்னாவில் 1905இல் பிறந்த யூத மனநல மருத்துவர் அவர். அமெரிக்கா செல்ல விசா கிடைத்தும், முதிய பெற்றோரை விட்டுப் போக மனமில்லாமல் அதைக் காலாவதியாக விட்டார். 1942இல் தெரேசியன்ஸ்டாட் முகாம், 1944இல் ஆஷ்விட்ஸ், பிறகு டாஹௌவின் கிளை முகாம்கள். தாய், தந்தை, மனைவி, சகோதரன் எல்லோரையும் இழந்தார். விடுதலையான பின் ஒன்பது நாளில் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட நூல் 1946இல் வெளிவந்தது. எல்லாவற்றையும் பறித்தாலும், நேர்வதை எப்படி எதிர்கொள்வது என்று முடிவு செய்யும் உரிமையை மனிதனிடமிருந்து பறிக்க முடியாது என்பது அதன் மையம். சுயமுன்னேற்ற நூல்கள் எடுத்துக்கொள்வது இதை மட்டும்தான்.

அதே நூலின் பின்பகுதியில் அவர் இன்னொன்றும் சொல்கிறார். தவிர்க்க முடியாத துன்பத்துக்குத்தான் இந்தப் பேச்சு. தவிர்க்கக்கூடிய துன்பமென்றால் அதன் காரணத்தை அகற்றுவதே பொருளுள்ள செயல். காரணம் உடலில் இருந்தாலும், மனத்தில் இருந்தாலும், அரசியலில் இருந்தாலும். வீணாகத் துன்பப்படுவதில் வீரம் எதுவும் இல்லை என்கிறார். உதவித்தொகைக் கோப்பு ஒரு மேசையில் தூங்குவது எந்த வகைத் துன்பம்? பயிலரங்கில் இந்தப் பகுதியை யாரும் வாசிக்கவில்லை.

'மீண்டெழும் ஆற்றல்' பற்றிய ஆய்வுகளுக்கும் இதே கதிதான். ஹவாய்த் தீவுக்கூட்டத்தின் கவாயில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னரும் ரூத் ஸ்மித்தும் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். வறுமை, குடும்பச் சிதைவு போன்ற பல இடர்களுக்கு நடுவே வளர்ந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் நல்ல நிலைக்கு வந்தார்கள். இந்த 'மூன்றில் ஒருவர்' எல்லா மேடையிலும் வருவார். அவர்களுக்குப் பின்னால் ஒரு பாட்டியோ, ஆசிரியரோ, அக்கம்பக்கத்தாரோ நின்றதை ஆய்வு காட்டியது. இளமையில் தடுமாறிய சிலருக்கு இரண்டாவது வாய்ப்பாக உள்ளூர்க் கல்லூரி போன்றவை திறந்திருந்ததையும் காட்டியது. எழுந்தவர் தனியாக எழவில்லை. மற்ற இருவரைப் பற்றி மேடையில் பேச்சே இருக்காது.

வியன்னாவில் பிறந்த இன்னொரு யூதரையும் நம் மாணவர்கள் படிக்க வேண்டும். ஜான் அமெரி, பிறப்பு 1912. நாஜி எதிர்ப்புத் துண்டறிக்கைகளோடு 1943இல் பெல்ஜியத்தில் பிடிபட்டு, பிரேண்டோங்க் கோட்டையில் சித்திரவதைக்கு ஆளாகி, ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டவர். 1966இல் வந்த கட்டுரைத் தொகுப்பில் அவர் தன் மனக்கசப்பைக் கைவிட மறுக்கிறார். காலம் ஆற்றும் என்பது காயம் பட்டவனிடம் சொல்லத்தக்க நியாயமல்ல, குற்றம் செய்தவன் தன் செயலின் உண்மையை உணரும்வரை அந்தக் கசப்புக்கு ஒரு வேலை இருக்கிறது என்பது அவர் வாதம். சாதியின் பெயரால் அவமானப்பட்ட எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. "பழசை ஏன் கிளறுகிறாய்" என்ற கேள்வியை நம் ஊர்களில் கேட்காதவர் யார்?

அமெரி 1978இல் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அதைக் காட்டி, பிராங்கல் வென்றார், அமெரி தோற்றார் என்று கணக்குப் போடுவோர் உண்டு. அந்தக் கணக்கு எங்களுக்கு ஒப்பவில்லை. தப்பிப் பிழைத்தவரே மேலானவர் என்று பிராங்கலே சொல்லவில்லை. அமெரியின் முடிவை ஏற்கவும் நாங்கள் சொல்லவில்லை. நம் பிள்ளைகள் உயிரோடு இருக்க வேண்டும், கோபத்தோடும் இருக்க வேண்டும்.

கோபம் என்ன செய்யும் என்பதற்கு நமக்கு அருகிலேயே ஒரு நூல் இருக்கிறது. அம்பேத்கரின் 'விசாவுக்காகக் காத்திருத்தல்'. வெளிநாட்டில் படித்துத் திரும்பிய பின் 1917இல் அவர் பரோடாவில் வேலைக்குச் சேர்கிறார். தங்க இடமில்லாமல் ஒரு பார்சி விடுதியில் பெயர் மாற்றித் தங்குகிறார். தடிகளோடு வந்தவர்கள் மாலைக்குள் காலி செய்யச் சொல்கிறார்கள். வேறு போக்கிடம் இல்லை. பம்பாய் ரயிலுக்கு நேரமாகும்வரை ஒரு பூங்காவில் உட்கார்ந்திருக்கிறார். அழுததையும் எழுதுகிறார், மறைக்கவில்லை.  நடந்ததை நடந்தபடி வைக்கிறார். 1924இல் அவர் தொடங்கிய பகிஷ்கிருத ஹிதகாரிணி சபை, அடுத்த ஆண்டே சோலாப்பூரில் மாணவர் விடுதி திறந்தது. இடம் மறுக்கப்பட்டவர் இடம் கட்டினார். மேற்படிப்புக்கான பட்டியல் சாதி உதவித்தொகை தொடங்கிய 1944இல் அவர் வைசிராயின் நிர்வாகக் குழுவில் இருந்தார்.

ஆகவே இத்தகைய புத்தகம் கையில் வந்தால் தூக்கி எறிய வேண்டாம். இரவில் துணைக்கு ஒரு புத்தகம் தேவைப்படும் பிள்ளைகள் நம் விடுதிகளில் இருக்கிறார்கள். யார் தருகிறார்கள், எதைத் தருவதற்குப் பதிலாக இதைத் தருகிறார்கள் என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த மாணவி பிராங்கலின் முழு நூலை எங்களிடம் வாங்கிப் போனாள். மறுவாரம் பதினொரு பேர் கையெழுத்திட்ட மனு ஒன்றை அவளே எழுதிக் கொண்டுவந்தாள். நாங்கள் எழுத்துப்பிழை மட்டும் திருத்தினோம். தேர்வுக்கு முந்தைய நாள் மாலை நுழைவுச்சீட்டு கிடைத்தது. உதவித்தொகை இன்னும் வரவில்லை.