காலிக் கூண்டும் கலையா?

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலிருந்து அதிகத் தூரமில்லாத டேவான் பஹாசா டான் புஸ்தாகா என்ற மலாய் மொழிக் கழகத்தில் 1974-இல் கலைஞர்கள் ரெட்சா பியாடாசாவும் சுலைமான் ஈசாவும் ஒரு கண்காட்சி நடத்தினார்கள். பாதி குடித்த கோகோ கோலா போத்தல்கள், எரிந்து முடிந்த கொசுவர்த்திச் சுருள்கள், பறவையைத் திறந்துவிட்ட காலிக் கூண்டு: இவைதாம் அங்கே கலைப்பொருள்கள்! கவிஞர் சாலே பென் ஜோனட் அங்கேயே சிறுநீர் கழித்துத் தம் எதிர்ப்பைக் காட்டினார். நவீனக் கலை ஒரு கவிஞரையே இப்படிக் கொதிக்க வைக்கும்போது மற்றவர்களைக் குறை சொல்வது எப்படி?

"இதை யார்தான் செய்ய முடியாது?" என்பது நியாயமான கேள்விதான். ஆனால் கண்ணால் கண்டதை அப்படியே பதிக்கும் வேலையைப் புகைப்படக் கருவி எடுத்துக்கொண்ட பிறகு, கலைஞர்கள் வேறு கேள்விகளுக்குப் போனார்கள். அந்தக் கூண்டுக்கு வைத்த தலைப்பில் பறவை பறந்த தேதியும் நேரமும் உண்டு. பியாடாசாவும் சுலைமானும் பொருளை வடிவமாகப் பார்க்காமல், காலத்தில் நடக்கும் நிகழ்வாகப் பார்க்கச் சொன்னார்கள். ஜென், தாவோ சிந்தனைகளைத் துணைக்கு அழைத்தார்கள்.

விளக்கம் இல்லாமல் புரியாதது கலையா என்று கேட்கலாம். பிரிக்பீல்ட்ஸ் ஸ்காட் ரோடு கந்தசுவாமி கோயில் சிற்பங்களும் புராணம் தெரியாதவருக்கு வெறும் உருவங்களே. நமக்குக் கதை முன்பே தெரியும், அவ்வளவுதான். கூண்டு பிடிக்காமல் போகலாம், அது வேறு. விளக்கம் வேண்டியிருக்கிறது என்பதற்காக மட்டும் அதைத் தள்ளிவிட முடியாது. அடுத்த முறை தேசியக் கலைக்கூடத்துக்குப் போனால், படைப்பின் பக்கத்திலுள்ள குறிப்பைப் படித்துவிட்டே தீர்ப்புச் சொல்லுங்கள்.