அஃபேசியா ஆய்வில் தரவுப் பகிர்வும் நெல்லைத் தமிழும்

அஃபேசியா (பேச்சிழப்பு) என்பது மூளையில் ஏற்படும் பாதிப்பால் பேசுதல், பிறர் பேச்சைப் புரிந்துகொள்ளுதல், படித்தல், எழுதுதல் ஆகிய திறன்கள் முழுவதுமாகவோ ஓரளவோ குறைந்துபோகும் நிலை ஆகும். பக்கவாதமே இதற்கு முதன்மைக் காரணம். தலைக்காயம், மூளைக் கட்டி, சில வகை மறதி நோய்கள் ஆகியவற்றாலும் வரும். நாக்கிலோ தொண்டையிலோ ஏற்படும் கோளாறு அன்று. அறிவு மழுங்கிவிட்டது என்றும் பொருளில்லை. பாதிக்கப்பட்ட ஒரு வாழை விவசாயியிடம் வாழைத்தார் படத்தைக் காட்டினால், அது என்ன என்பது அவருக்குத் தெரியும். தாரை எப்போது வெட்ட வேண்டும் என்பதும் தெரியும். அதன் பெயர் மட்டும் வாயில் வராது.

இரண்டு நோயாளிகளின் பாதிப்பு ஒரே மாதிரி இருப்பதில்லை. ஒருவர் சரளமாகப் பேசுவார், பொருள் இராது. இன்னொருவர் நான்கு சொற்களை முக்கி முனகிச் சொல்வார், நான்கும் சரியாக இருக்கும். ஒரு மருத்துவமனையில் ஓர் ஆண்டில் கிடைக்கும் சில பேரை வைத்துக்கொண்டு பொது முடிவு எதுவும் சொல்ல முடியாது. ஆகவே பல ஊர்களில், பல ஆய்வாளர்கள் சேகரித்த பேச்சுப் பதிவுகளையும் சோதனை மதிப்பெண்களையும் மூளைப் படங்களையும் ஓரிடத்தில் சேர்த்து, எல்லோரும் பயன்படுத்தும்படி வைப்பது இத்துறையில் வழக்கமாகி வருகிறது.

பழைய மூளை, புதிய படம்

பிரெஞ்சு மருத்துவர் பால் புரோக்கா 1861இல் லெபோர்ன் என்ற நோயாளியின் மூளையை ஆராய்ந்து, பேச்சுக்குரிய பகுதி இடது முன் மடலில் உள்ளது என்று அறிவித்தார். 'டான்' என்ற ஓசையைத் தவிர வேறு எதையும் பெரும்பாலும் சொல்ல முடியாதவர் லெபோர்ன். புரோக்கா அந்த மூளையை வெட்டிப் பார்க்காமல் அப்படியே பாரிஸ் அருங்காட்சியகத்தில் சேர்த்தார். நினா டிராங்கர்ஸ் குழுவினர் அதைக் காந்த அதிர்வுப் படம் எடுத்து 2007இல் முடிவை வெளியிட்டனர். சேதம் புரோக்கா சொன்ன மேற்பரப்புப் பகுதியோடு நிற்காமல் உள்ளே வெகு ஆழம் வரை சென்றிருந்தது. தரவுப் பகிர்வு என்ற சொல் புழக்கத்துக்கு வருவதற்கு நெடுங்காலம் முன்பே நடந்த தரவுப் பகிர்வு இது. மூளையைப் பாதுகாத்திராவிட்டால் புரோக்காவின் முடிவை யாரும் சரிபார்த்திருக்க முடியாது.

அஃபேசியாபேங்க்

இன்று இத்துறையில் பரவலாகப் பயன்படும் பேச்சுக் களஞ்சியம் அஃபேசியாபேங்க். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரையன் மெக்வின்னி இதை 2007இல் தொடங்கினார். அவரும் கேத்தரின் ஸ்னோவும் 1984இல் நிறுவிய சில்டெஸ் என்ற குழந்தை மொழிக் களஞ்சியமே இதற்கு முன்னோடி. சில்டெஸில் தமிழும் உண்டு. டிஃப்ராக் கணினியை உருவாக்கியதில் முன்னின்ற ஆர். நரசிம்மன், ஆர். வைத்தியநாதனுடன் சேர்ந்து தமிழ்க் குழந்தை ஒன்றின் பேச்சைப் பதிந்து அதில் சேர்த்தார்.

அஃபேசியாபேங்கில் எல்லோரிடமும் ஒரே வரிசையில் கேட்கிறார்கள். முதலில், நோய் வந்த கதையைச் சொல்லச் சொல்கிறார்கள். பிறகு படங்களைக் காட்டி என்ன நடக்கிறது என்று கேட்கிறார்கள். அடுத்து சின்ட்ரெல்லா கதை. கடைசியாக, வேர்க்கடலை வெண்ணெயும் பழப்பாகும் தடவிய ரொட்டி செய்வது எப்படி என்ற கேள்வி. பதிவை எழுத்தில் பெயர்க்கும்போது தயக்கம், திரும்பச் சொல்லுதல், பிழை ஆகியவற்றுக்குத் தனித்தனிக் குறிகள் இடப்படும். அஃபேசியா இல்லாதவர்களின் பேச்சும் ஒப்பீட்டுக்காகச் சேர்க்கப்பட்டுள்ளது. சின்ட்ரெல்லா கதையை ஏரலில் ஒரு பாட்டியிடம் கேட்பதில் பயனில்லை. பாட்டி வடை சுட்ட கதையையும், கருப்பட்டிக் காபி போடும் முறையையும் கேட்கலாம். கேள்வி மாறினாலும் எல்லோரிடமும் ஒன்றையே கேட்கும் முறை மாறக் கூடாது.

நினைவாற்றலோடு தொடர்பு

சொல் வரவில்லை என்றால் அது மறந்துபோய்விட்டதா, எடுக்க முடியவில்லையா என்பது பழைய கேள்வி. முதலெழுத்தைச் சொன்னதும் பலருக்குச் சொல் வந்துவிடுவதால், அவர்களுக்காவது சொல் அழியவில்லை என்று தெரிகிறது. கேட்டதைச் சில நொடிகள் மனத்தில் நிறுத்தும் குறுங்கால நினைவு வேறு. எலிசபெத் வாரிங்டனும் டிம் ஷாலிஸும் 1969இல் விவரித்த ஒரு நோயாளியால் ஓரிரு எண்களுக்கு மேல் கேட்டுத் திரும்பச் சொல்ல முடியவில்லை. ஆனால் அவருடைய நெடுங்கால நினைவு கெடவில்லை.

தமிழில் இந்தக் குறுங்கால நினைவுக்கு வேலை அதிகம். 'நேத்து சந்தையில மீன் வாங்கிட்டு வந்த அக்காவோட மகன்' என்ற தொடரில், யாரைப் பற்றிய பேச்சு என்பது கடைசிச் சொல்லில்தான் தெரியும். அதுவரை கேட்டதெல்லாம் மனத்தில் நிற்க வேண்டும். ஆங்கிலத்தில் பெயர் முன்னால் வந்துவிடும், விளக்கம் பின்னால் வரும். எனவே ஆங்கில நோயாளிகளிடம் கண்டதைத் தமிழருக்கு அப்படியே பொருத்திப் பார்க்க முடியாது.

ஐதராபாத்தில் சுவர்ணா அல்லாடி குழுவினர் பக்கவாதம் வந்த 608 பேரின் பதிவேட்டுத் தரவை ஆராய்ந்து 2016இல் வெளியிட்ட முடிவும் இங்கே கவனிக்கத்தக்கது. பக்கவாதத்துக்குப் பின் நினைவு, கவனம் முதலிய அறிதிறன்கள் இயல்பாக இருந்தவர்கள், இரு மொழி பேசுவோரில் 40.5 விழுக்காடு, ஒரு மொழி மட்டும் பேசுவோரில் 19.6 விழுக்காடு. ஆனால் அஃபேசியா வந்தோரின் விகிதத்தில் இரு பிரிவினருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

தமிழின் இடம்

லிசே மென், லொரெய்ன் ஓப்ளர் ஆகியோர் 1990இல் பதிப்பித்த மூன்று தொகுதிகள், 14 மொழிகளின் இலக்கணச் சிதைவுப் பேச்சை ஒரே முறையில் திரட்டித் தந்தன. அவற்றுள் இந்தி உண்டு, திராவிட மொழி ஒன்றுகூட இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பின்னர் பல மையங்களை இணைத்து உருவாக்கிய அறிதிறன் சோதனைத் தொகுப்பில் முதலில் இடம்பெற்றவை இந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய ஐந்தும். ஏ.சி.இ.-3 என்ற சோதனை ஏழு மொழி வடிவங்களில் வந்தபோது தமிழும் சேர்ந்தது. ஆனால் அது சில நிமிடங்களில் முடியும் சோதனை. ஒருவரின் தொடர்ந்த பேச்சைப் பதிந்து வைப்பது வேறு வேலை.

தமிழ்ப் பதிவு சேர்ந்தாலும் எந்தத் தமிழ் என்ற கேள்வி வரும். தாமிரபரணிக் கரையில் உள்ள ஏரல், 1986இல் தூத்துக்குடி மாவட்டம் பிரிந்தபோது அதனுடன் போய்விட்டது. பேச்சு பிரியவில்லை, இன்றும் நெல்லைத் தமிழ்தான். அங்கே 'படிக்கிறான்', 'நிற்கிறான்' என்பவை 'படிக்கான்', 'நிக்கான்' என்று வழங்கும். 'சொல்கிறான்' என்பது 'சொல்லுதான்'. 'அவர்கள்' என்பது 'அவிய'. கைலி படத்தைக் காட்டினால் 'சாரம்' என்பார்கள்.

நிகழ்காலத்தைக் காட்டும் 'கிற்' என்ற இடைநிலை விடுபடுகிறதா என்று பார்ப்பது இலக்கணச் சிதைவைக் கண்டறியும் வழிகளுள் ஒன்று. எழுத்துத் தமிழையோ சென்னைத் தமிழையோ அளவுகோலாகக் கொண்டவர் 'படிக்கான்' என்பதைக் கேட்டால் இடைநிலை விடுபட்டது என்று குறிப்பார். 'அவிய' ஒலிப்பிழையாகும். 'சாரம்' பெயர்ப்பிழையாகும். பிறந்ததிலிருந்து பேசிவந்த தமிழ் முழுவதும் நோயின் கணக்கில் ஏறிவிடும். இதற்கு நேர்மாறும் நடக்கும். நோயால் வந்த உண்மையான பிழையை 'அந்தப் பக்கத்துப் பேச்சு அப்படித்தான்' என்று விட்டுவிடுவதும் உண்டு.

இதற்கு மாற்று, அதே ஊரில் அதே வயதும் படிப்பும் உள்ள, நோயில்லாத சிலரின் பேச்சைப் பதிந்து உடன் வைப்பதே. மூலப் பதிவும் எழுத்துப்பெயர்ப்பும் சேர்ந்து பகிரப்பட்டால் நெல்லைத் தமிழ் தெரிந்த இன்னொருவர் பின்னாளில் திருத்த முடியும். மதிப்பெண் மட்டும் பகிரப்பட்டால் பிழை நிரந்தரமாகிவிடும். சொற்களை எண்ணுவதிலும் எச்சரிக்கை வேண்டும். 'வரமாட்டேன்' என்ற ஒரு சொல்லை ஆங்கிலத்தில் சொல்ல நான்கு சொற்கள் தேவைப்படும்.

இது ஆய்வாளர்களின் சிக்கல் மட்டுமன்று. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பேச்சு மற்றும் மொழிக் குறைபாட்டை வரையறுக்கும் இடத்தில் அஃபேசியாவைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. குறைபாட்டின் விழுக்காட்டைச் சரியாக அளந்தால்தான் சான்றிதழும் சரியாக இருக்கும்.

சிகிச்சை அளவு

பகிர்ந்த தரவு நேரடியாகச் சிகிச்சைக்கும் உதவியிருக்கிறது. ஸ்காட்லாந்தின் மேரியன் பிரேடி தலைமையிலான ரிலீஸ் திட்டம், 28 நாடுகளில் நடந்த ஆய்வுகளிலிருந்து 5928 பேரின் தரவைத் திரட்டியது. மொத்தம் 20 முதல் 50 மணி நேரம் வரை பேச்சுப் பயிற்சி பெற்றவர்களிடம் ஒட்டுமொத்த மொழித்திறன் முன்னேற்றம் மிகுதியாக இருந்தது. ஏரலிலிருந்து திருநெல்வேலிக்குப் பேருந்தில் சென்று ஒரு மணி நேரப் பயிற்சி பெற்றுத் திரும்புபவருக்கு, 20 மணி நேரம் என்பது 20 பயணம். கூட வருபவருக்கு 20 நாள் கூலி இழப்பு. தொலைபேசி வழியாகவும் உறவினர் மூலமாகவும் தரும் பயிற்சி இங்கு எவ்வளவு பலன் தரும் என்று தெரிய, இங்குள்ளவர்களின் தரவு வேண்டும்.

ஒப்புதல்

பெயரை நீக்கினாலும் குரலும் முகமும் ஆளைக் காட்டிக்கொடுக்கும். சிறிய ஊரில், நோய் வந்த கதையை ஒருவர் சொல்லத் தொடங்கினாலே யார் என்று தெரிந்துவிடும். அதனால் அஃபேசியாபேங்கின் பதிவுகள் கடவுச்சொல் பெற்ற உறுப்பினர்களுக்கு மட்டுமே திறக்கும். புரிதலே குறைந்த ஒருவரிடம் நான்கு பக்கப் படிவத்தை நீட்டிக் கைநாட்டு வாங்குவது ஒப்புதல் ஆகாது. படங்களைக் காட்டி, சிறு தொடர்களில் சொல்லி, ஆம், இல்லை என்று தலையசைவிலாவது பதில் பெற வேண்டும். அதே கேள்வியைத் திருப்பிப் போட்டு மறுபடி கேட்பதும் நல்லது. இந்நோயில் 'இல்லை' என்று சொல்ல நினைத்து 'ஆமா' என்று சொல்லிவிடுபவர்கள் உண்டு.