இந்த ஆண்டுப் படங்களுக்குத் தேதி, ஊர், பெயர் எழுதிவிட்டீர்களா?

டிசம்பர் மாதம் பாதி கடந்ததும் பலருடைய செல்போன் ஒரு எச்சரிக்கை தரத் தொடங்கிவிடும். ஸ்டோரேஜ் நிரம்பப் போகிறது என்பதே அது. உடனே கேலரியைத் திறந்து, விரல் போன போக்கில் டிக் செய்து, டெலீட் பட்டனை அழுத்துகிறோம். குட் மார்னிங் ரோஜாப்பூவும் போகும். ஆடித் திருவாதிரைக்குக் கங்கைகொண்ட சோழபுரம் போனபோது அப்பாவை நிற்க வைத்து எடுத்த படமும் அதோடு சேர்ந்து போகும். தப்பிப் பிழைத்த படங்கள் யாருக்கும் புரியாத குவியலாகக் கிடக்கும். அரையாண்டு விடுமுறையில் இரண்டு மாலைப் பொழுதுகளை ஒதுக்கினால் இதைச் சரி செய்துவிடலாம். அதற்கு முன்னால், பெரம்பலூர், அரியலூர் வாசகர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு செய்தியைப் பார்த்துவிடுவோம்.

எலும்பு போனது, படம் இருந்தது

அரியலூர் மாவட்டத்தில் கல்லமேடு என்று ஓர் இடம் இருக்கிறது. அங்கே கிடைத்த மிகப் பெரிய எலும்புகளை வைத்து, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த யாதகிரி, அய்யாசாமி ஆகிய இருவரும் 1987-ல் ஒரு புதிய டைனோசருக்குப் பெயர் சூட்டினார்கள். புருகத்காயோசாரஸ் என்பது அந்தப் பெயர். பெரிய உடல் கொண்ட பல்லி என்று பொருள். சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த விலங்கு. அதன் கீழ்க்கால் எலும்பு மட்டுமே 2 மீட்டர் நீளம் என்று அவர்கள் எழுதினார்கள். அதாவது நம் வீட்டு நிலைக்கதவின் உயரம்!

ஆனால் அந்த எலும்புகள் இன்று இல்லை. மழையில் ஊறி வெயிலில் காய்கிற அந்த மண்ணில் அவை ஏற்கெனவே உதிரும் நிலையில் இருந்தன. தோண்டி எடுத்த பிறகு பொடிந்தே போய்விட்டன என்பது 2017-ல் வெளியான ஒரு கட்டுரையில் தெரிய வந்தது. அதற்குள் வெளிநாட்டு ஆய்வாளர்கள் சிலர், அது எலும்புதானா அல்லது கல்லாகிப் போன மரமா என்றே சந்தேகப்பட ஆரம்பித்திருந்தார்கள். கையில் பொருள் இல்லாதபோது எப்படி மறுப்பது? 2022-ல் அய்யாசாமியும் இன்னொரு ஆய்வாளரும் சேர்ந்து, அந்தக் காலத்தில் எடுத்து இத்தனை நாள் வெளிவராமல் இருந்த போட்டோக்களைப் பிரசுரித்தார்கள். அந்தப் படங்களின் துணையோடுதான் அது எலும்பே என்று வாதாட முடிந்தது. 2023-ல் வேறு இருவர், இந்த விலங்கின் எடை 110 டன்னுக்கு மேல் இருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். எல்லா ஆய்வாளர்களும் இதை ஒப்புக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் வாதம் நடப்பதற்காவது ஏதோ ஒன்று மிஞ்சியிருக்கிறதே!

இதில் நமக்கு வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. எந்த இடம், எந்த அகழ்வு, எந்த எலும்பு என்று சொல்ல ஆள் இருந்ததால்தான் 35 ஆண்டுகள் கழித்தும் அந்தப் படங்கள் பயன்பட்டன. அதே படங்கள் பின்குறிப்பு இல்லாமல் ஒரு பீரோவில் கிடைத்திருந்தால், ஏதோ பாறை என்று ஒதுக்கியிருப்பார்கள். உங்கள் போனில் உள்ள படங்களும் இதே நிலையில்தான் இருக்கின்றன. படத்தில் இருப்பது பெரியப்பா வீட்டுப் பழைய திண்ணை என்பது இன்றைக்கு உங்களுக்குத் தெரியும். உங்கள் பேரனுக்கு?

தேதியை யார் அழிக்கிறார்கள்?

செல்போனில் எடுக்கும் ஒவ்வொரு படத்தின் ஃபைலுக்குள்ளும், எடுத்த தேதி, நேரம், கேமரா மாடல் முதலிய விவரங்கள் தாமாகவே பதிவாகின்றன. இதற்கு எக்சிஃப் என்று பெயர். கேமரா செட்டிங்சில் லொகேஷன் ஆன் செய்யப்பட்டிருந்தால் இடமும் பதிவாகும். கம்ப்யூட்டரில் ஒரு படத்தின் மேல் ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ் தேர்ந்தெடுத்து, டீடெய்ல்ஸ் டேபிற்குப் போங்கள். டேட் டேக்கன் என்ற வரியில் தேதியைக் காணலாம்.

இப்போது வாட்ஸ்அப்பில் வந்த ஒரு படத்தை அதே போலத் திறந்து பாருங்கள். அந்த வரி காலியாக இருக்கும். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கும்போது இந்த விவரங்களையும் நீக்கிவிடுகிறது. ஃபைலின் பெயரில் ஒரு தேதி இருக்கிறதே என்று கேட்கலாம். அது படம் உங்கள் போனுக்கு வந்த தேதி. சித்திரையில் நடந்த கல்யாணத்தின் படத்தை அத்தை கார்த்திகையில் அனுப்பினால், அது கார்த்திகைப் படமாகத்தான் நிற்கும்.

எனவே குடும்பப் படங்களை வாங்கும்போது, "போட்டோவாக வேண்டாம், டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள்" என்று கேட்டு வாங்குங்கள். இணைக்கும் பின் அடையாளத்தைத் தொட்டு, டாக்குமெண்ட் தேர்ந்தெடுத்து அனுப்பினால் படம் சுருங்காது, தேதியும் போகாது. எச்.டி. வசதியில் அனுப்பினால் தெளிவு கூடும். விவரங்கள் தங்கும் என்று நம்ப வேண்டாம்.

இரண்டு மாலை வேலை

முதல் மாலை கழிப்பதற்கு. வாட்ஸ்அப் செட்டிங்சில் ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா சென்று, மேனேஜ் ஸ்டோரேஜ் பகுதியைத் திறந்தால், பலமுறை ஃபார்வர்ட் ஆனவை தனியாகவும், பெரிய ஃபைல்கள் தனியாகவும் காட்டப்படும். தயங்காமல் நீக்குங்கள். கேலரியில் கை வைக்காமலேயே பாதி இடம் கிடைத்துவிடும். பிறகு கேபிள் மூலம் போனைக் கம்ப்யூட்டருடன் இணைத்து, கேமரா ஃபோல்டரை முழுவதுமாக ஹார்ட் டிஸ்க்கிற்குக் காப்பி செய்யுங்கள்.

இரண்டாவது மாலை பெயர் எழுதுவதற்கு. மாதத்திற்கு ஒரு ஃபோல்டர் போதும். பெயரில் ஆண்டு முதலில், மாதம் அடுத்து, நாள் கடைசியில் வரட்டும். 15-12 என்று நாளை முதலில் எழுதினால், கம்ப்யூட்டர் அடுக்கும்போது எல்லா மாதத்து 15-ஆம் தேதிகளும் ஒன்றாகச் சேர்ந்து குழப்பும். தேதிக்குப் பின்னால் ஊர், நிகழ்ச்சி என்று தமிழிலேயே எழுதலாம். யூனிகோடில் எழுதுங்கள், அது முக்கியம். 20 ஆண்டுகளுக்கு முன் பாமினி போன்ற ஃபான்ட்களில் அடித்து வைத்த குறிப்புகளை இப்போது திறந்தால் அடைப்புக்குறியும் அரைப்புள்ளியுமாகத் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். கன்வர்ட்டர் கொண்டுதான் அவற்றை மீட்க வேண்டியிருக்கிறது.

ஊர்ப் பெயர் எழுதும்போது இந்தப் பகுதிக்காரர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. திருச்சி மாவட்டத்திலிருந்து 1995-ல் பெரம்பலூர் மாவட்டம் பிறந்தது. 2001-ல் அரியலூர் தனியானது, 2002-ல் மறுபடி பெரம்பலூருடன் சேர்ந்தது, 2007-ல் மீண்டும் தனியானது. ஒரே வீட்டில் குடியிருந்தபடியே நான்கு முறை முகவரி மாறியவர்கள் இங்கே இருக்கிறார்கள்! ஆகவே மாவட்டத்தை மட்டும் எழுதாமல், கிராமம், பக்கத்து ஊர் இரண்டையும் எழுதிவிடுங்கள்.

கூகுள் போட்டோசில் ஒவ்வொரு படத்திற்கும் கேப்ஷன் எழுதும் வசதி இருக்கிறது. குரல் மூலம் தமிழில் சொன்னாலே கீபோர்டு எழுதிக் கொள்கிறது. பாட்டியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, "இது யார், அது யார்" என்று கேட்டபடியே எழுதலாம். ஆனால் ஒரு எச்சரிக்கை. அந்தக் கேப்ஷன் படத்துக்குள் போய் உட்காருவதில்லை. டேக்அவுட் மூலம் படங்களை மொத்தமாக வெளியே எடுத்தால், குறிப்புகள் வேறு ஃபைலில் வரும். எனவே ஒரு எக்செல் ஷீட்டிலும் ஃபைல் பெயர், தேதி, ஊர், படத்தில் உள்ளவர்கள் என்று நான்கு காலம் போட்டு எழுதி, அதை அதே ஃபோல்டரில் வையுங்கள். எல்லாப் படத்துக்கும் எழுத முடியாது. மாதத்துக்குப் பத்துப் படம் எழுதினாலே ஆண்டுக்கு 120 ஆகிவிடும்.

கூகுளில்தான் இருக்கிறதே, பிறகு எதற்கு இவ்வளவு வேலை என்பவர்களுக்கு: அளவில்லாத இலவச இடம் 2021 ஜூன் 1-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. இப்போது ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து இலவசமாகத் தரப்படும் அளவு 15 ஜி.பி. தான். இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை நீக்கலாம் என்ற விதியும் வந்துவிட்டது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை தாத்தாவுக்கு ஆரம்பித்துக் கொடுத்த கணக்கு எத்தனை வீடுகளில் தூங்குகிறதோ! ஒரு பிரதி கம்ப்யூட்டரில், ஒரு பிரதி எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில், ஒரு பிரதி வேறு வீட்டிலோ இன்டர்நெட்டிலோ என்று மூன்று வைப்பதே சரி. பென் டிரைவை ஆண்டுக் கணக்கில் பீரோவில் பூட்டி வைக்காதீர்கள். மின்சாரம் இல்லாமல் நீண்ட நாள் கிடந்தால் அதில் உள்ள தகவல்கள் கெட வாய்ப்பு உண்டு.

எடுக்காமல் விட்ட படங்கள்

அடுக்கி முடித்ததும் ஒரு விஷயம் உறுத்தும். 3,000 படம் இருக்கும். கல்யாணம், காதுகுத்து, சுற்றுலா, செல்ஃபி. சாதாரண நாள் ஒன்றுகூட இருக்காது. அம்மா அடுப்படியில் நிற்பது, அப்பாவின் பழைய டி.வி.எஸ். வண்டி, பள்ளிக்கூடப் பை தொங்கும் ஆணி, மளிகைக் கடைக்காரர் துண்டுச் சீட்டில் போட்டுத் தந்த கணக்கு, எதுவும் இருக்காது. தினமும் பார்ப்பதால் எடுக்கத் தோன்றவில்லை. என்னைக் கேட்டால், கல்யாணப் படங்களில் பாதியை நீக்கிவிட்டு இவற்றை எடுத்து வைப்பேன். கல்யாணத்தைத்தான் போட்டோகிராபர் எடுத்துவிடுகிறாரே.

பெரம்பலூர்ப் பக்கம் சாலையோரம் காயும் மக்காச்சோளம், சின்ன வெங்காயம் சேமிக்கும் பட்டறை, அரியலூரில் வரிசையாகப் போகும் சிமெண்ட் ஆலை லாரிகள், சுண்ணாம்புக்கல் எடுத்த பள்ளங்கள், இவையெல்லாம் மாறிக்கொண்டே இருப்பவை. ஒரே இடத்தில் நின்று ஆண்டுக்கு ஒரு படம் எடுத்து வாருங்கள். ஐந்து ஆண்டில் அதன் மதிப்பு தெரியும்.

இப்போது தொடங்கத் தோதானது மார்கழிக் கோலம். காலையில் போட்டது மதியத்துக்குள் கால் பட்டும் வண்டி ஏறியும் கலைந்துவிடும். 29 அல்லது 30 நாள், நாளுக்கு ஒரு படம். வாசல் படியின் மேல் ஏறி, கேமராவில் கிரிட் கோடுகளை ஆன் செய்து, நேர் மேலிருந்து எடுங்கள். ஃப்ளாஷ் வேண்டாம், கோலமாவு வெளுத்து, புள்ளிகள் மறைந்துவிடும். விடிந்து, வெயில் விழுவதற்கு முன் உள்ள வெளிச்சமே போதும். எத்தனை புள்ளி, எத்தனை வரிசை, யார் போட்டது என்பதையும் குறிப்பில் எழுதினால், அடுத்த மார்கழியில் அதைப் பார்த்தே போடலாம்.

சற்றுத் தூரம் போக முடிந்தவர்களுக்குக் கரைவெட்டி ஏரி இருக்கிறது. 2024-ல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற சதுப்பு நிலம். இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகளை இந்தப் பருவத்தில் பார்க்கலாம். செல்போன் ஜூமில் பறவை புள்ளியாகத்தான் தெரியும், அதனால் ஏமாற்றம் வேண்டாம். இ-பேர்ட் செயலியில் தேதி, இடம், எண்ணிக்கை மட்டும் பதிந்தாலே போதும். ஒவ்வொரு பொங்கலின்போதும் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் நீங்களும் சேரலாம்.

சாத்தனூர் கல்மரப் பூங்காவுக்கோ காரைப் பக்கமோ போகிறவர்கள் சுத்தியலை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். சாத்தனூரில் கிடக்கும் சுமார் 18 மீட்டர் நீள மரம் 1940-ல் அடையாளம் காணப்பட்டது, பாதுகாக்கப்பட்ட இடம். புதைபடிவத்தைப் பெயர்த்து எடுத்துவந்து ஷோகேசில் வைத்தால், எந்த அடுக்கில் கிடந்தது என்ற விவரம் போய், அது வெறும் கல்லாகிவிடும். பக்கத்தில் ஒரு நாணயத்தையோ ஸ்கேலையோ வைத்து, கிடக்கும் இடத்திலேயே படம் எடுங்கள். எத்தனை ரூபாய் நாணயம் என்றும் எழுதுங்கள். நம் நாட்டில் ஒரே நாணயம் பல அளவுகளில் வருகிறது. லொகேஷனை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள், பொதுவில் போடாதீர்கள்.

சுவருக்கு ஒரு காலண்டர்

தேர்ந்தெடுத்த படங்களில் பன்னிரண்டை எடுத்துப் புத்தாண்டுக் காலண்டர் செய்யலாம். லிப்ரே ஆபீஸ் இலவச மென்பொருள். அதில் ஏ4 தாளைப் படுக்கை வசமாக அமைத்து, மேலே படம், கீழே ஏழு காலம் கொண்ட டேபிள் போட்டுத் தேதிகளை நிரப்புங்கள். தாள் முழுக்கப் படம் நன்றாக அச்சாக, நீளவாக்கில் சுமார் 3,500 பிக்சல் வேண்டும். வாட்ஸ்அப் வழக்கமாகச் சுருக்கி அனுப்பும் படத்தில் சுமார் 1,600 பிக்சல்தான் இருக்கும். ஒரிஜினலை வாங்கி வைக்கச் சொன்னது இதற்கும்தான். முடித்ததும் பி.டி.எஃப். ஆக எக்ஸ்போர்ட் செய்து கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். வேர்டு ஃபைலாகக் கொண்டுபோனால் அங்குள்ள கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்துகள் இடம் மாறிவிடக்கூடும்.

தினசரிக் காலண்டர் ஏற்கெனவே சிவகாசியிலிருந்து வந்து கடைக்காரர் கையால் வீட்டுக்கு வந்துவிடும். ராகு காலம், நல்ல நேரத்துக்கு அது இருக்கட்டும். உங்கள் காலண்டரில் கட்டங்களைச் சற்றுப் பெரிதாக விடுங்கள். அன்றைய மழை, வெங்காய விலை, வீட்டுக்கு வந்த விருந்தாளி என்று பேனாவால் ஒரு வரி எழுத இடம் வேண்டும். ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் தேதி, ஊர், பெயர் மூன்றையும் அச்சிட மறக்காதீர்கள். ஜனவரிப் பக்கத்துக்கு மார்கழிக் கோலங்களில் ஒன்றைப் போடலாம்.