எஞ்சிய குறைக்கும் ஓர் அளவு

போரில் கையிழந்த வீரரின் குறையை எவரும் கண்ணால் காணலாம். வெளியே தெரியாத குறையை அளப்பது எங்ஙனம்? அமெரிக்க நாட்டின் சட்டம் இதற்கு ஒரு வழி வகுத்திருக்கிறது.

வியட்நாம் போரில், 1962 முதல் 1971 வரை, காட்டு மரங்களின் இலைகளை உதிர்ப்பதற்காக 'ஏஜென்ட் ஆரஞ்சு' முதலிய நச்சு மருந்துகளை அமெரிக்கப் படையினர் தெளித்தனர். அங்கே பணியாற்றிய வீரருக்குப் பிற்காலத்தில் புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் தோன்றினால், அது படைப்பணியால் விளைந்ததென்றே கொள்ளும் விதி 1996-இல் ஏற்பட்டது.

நோய் உள்ள காலத்திலும், சிகிச்சை முடிந்த பின் ஆறு மாதங்கள் வரையிலும் ஊன மதிப்பு 100 சதவிகிதமாகும். பின்னர் மருத்துவச் சோதனை நடைபெறும். நோய் மீளவோ பரவவோ இல்லையெனில், எஞ்சிய குறையே அளவுகோலாகிறது. அறுவையாலும் கதிர்வீச்சாலும் சிறுநீரை அடக்கும் ஆற்றல் குன்றுவதுண்டு. அவ்வாறு குன்றியவர், ஈரம் உறிஞ்சும் பட்டையை நாள்தோறும் எத்தனை முறை மாற்றுகிறார் என்று கணக்கிடுவர். 2 முறைக்குக் குறைந்தால் 20 சதவிகிதம். 2 முதல் 4 முறையாயின் 40. அதற்கு மேற்பட்டால் 60. சிறுநீரகக் கேடு மேலோங்கி நின்றால் அதனையே அளவாகக் கொள்வர்.

மாதந்தோறும் பெறும் உதவித்தொகை இம்மதிப்பைப் பொறுத்தது. எனவே, நாணத்தால் தம் குறையைச் சுருக்கிக் கூறும் வீரர் தமக்குரியதை இழக்க நேரும். நோய் தீர்ந்தமையால் துன்பமும் தீர்ந்துவிட்டதென்று நாம் எண்ணிவிடலாகாது. சொல்வதற்குக் கூசும் குறையையும் சட்டம் செவிமடுக்கிறது. அதை உள்ளவாறு உரைக்கும் துணிவு வீரருக்கு வேண்டும். இகழாது கேட்கும் பண்பு நமக்கு வேண்டும்.