தாமதத்தின் விலை

மும்பைவாழ் தமிழன்பர்களுக்குத் தாராவியைப் பற்றி எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அப்பெயர் தாங்கிய சுரங்க ரயில் நிலையம் 2025 மே மாதத்தில் திறக்கப்பெற்றது. அது 33.5 கிலோமீட்டர் நீளமுள்ள மூன்றாம் மெட்ரோப் பாதையைச் சேர்ந்தது. பாதை முழுவதும் அவ்வாண்டு அக்டோபரில்தான் நிறைவெய்தியது.

தொடக்கத்தில் 23,136 கோடி ரூபாய் என மதிப்பிடப்பெற்ற செலவு, 37,276 கோடியாக உயர்ந்தது. உயர்வு முழுவதையும் தாமதத்தின் தலையில் கட்டுவது நேர்மையன்று. நகரின் அடியில் சுரங்கம் தோண்டுவது எளிய காரியமா? ஆயினும் பணிமனைக்கு இடந்தேடிக் கழிந்த காலத்திற்கு என்ன சமாதானம் கூறுவது? 2019இல் ஆரேயில் பணி நிறுத்தப்பெற்றது. 2020இல் காஞ்சூர்மார்க் என்றனர். அங்கே உயர்நீதிமன்றம் தடை விதித்தது. 2022இல் மறுபடியும் ஆரே! மரங்களுக்காக வாதாடியோரைக் குறைகூறுவதற்கில்லை. அவர்கள் எழுப்பிய வினா தக்கதே. வேலை தொடங்குமுன்னரே அதற்கு விடை கண்டிருக்க வேண்டும்.

செலவான கோடிகளுக்கு ஏட்டில் கணக்குண்டு. தாராவியிலிருந்து சீப்ஸ் தொழிற்பேட்டைக்குச் செல்பவரோ, மாஹிமில் நெரிசலுக்கிடையே மின்ரயிலேறி, அந்தேரியில் இறங்கி, வேறு வண்டி மாறி வந்தார். 2013இல் மத்திய அரசு இத்திட்டத்திற்கு இசைவளித்த ஆண்டில் அவருக்குப் பிறந்த குழந்தை, தாராவியில் முதல் வண்டி நின்றபோது ஏழாம் வகுப்பை எட்டியிருக்கும்.