உஷார்! அந்தப் பெட்டி மண்ணைக் குப்பையில் கொட்டாதீர்கள்

டோமினோ கரப்பான் வளர்க்க ஆசைப்பட்டு, பெட்டியும் தேங்காய் நார்க்கழிவும் வாங்கி வைத்திருப்பவர்களே, பூச்சிக்குக் காசு கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் கட்டாயம் படியுங்கள்.

ஆசைப்படுவதில் தப்பே இல்லை. அழகான பூச்சிதான். சமையலறைக் கரப்பானின் முகஜாடைகூட இதற்குக் கிடையாது. ஓர் அங்குல நீளம், வட்டமான உடம்பு, கருகருவென்ற முன்னிறக்கைகளில் பளிச்சென்று ஏழு வெள்ளைப் புள்ளிகள். முதன்முதலில் பார்ப்பவர் வண்டு என்றே சொல்வார். 1758இல் இதற்குப் பெயர் வைத்த லின்னேயஸே ஆமை வண்டுகளின் பேரினத்தில்தான் சேர்த்தார். இன்றைய அறிவியல் பெயர் தேரியா பெட்டிவேரியானா. லண்டனில் மருந்துக்கடை வைத்துக்கொண்டு உலகெங்கிலுமிருந்து பூச்சியும் செடியும் சேகரித்த ஜேம்ஸ் பெட்டிவரின் நினைவாக வைத்த பெயர். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இதைப் 'பாலைவனக் கரப்பான்' என்று சொல்லி வளர்க்கிறார்கள். ஆனால் இதன் சொந்த ஊர் தென்னிந்தியாவின் புதர்க்காடு.

முதல் ஆபத்து வாங்கும் இடத்திலேயே இருக்கிறது. "இது பாலைவனக் கரப்பான் சார், வீட்டுக்குள்ள பரவாது" என்று சொல்லி யாராவது நீட்டினால் அப்படியே வாங்கிவிடாதீர்கள். பாலை நிலத்திலிருந்து வந்த இன்னொரு கரப்பானும் உலகச் சந்தையில் இருக்கிறது. அது துர்க்கிஸ்தான் கரப்பான். மத்திய ஆசியா, மேற்கு ஆசியாவின் வறண்ட பகுதிகளைச் சேர்ந்தது. பல்லி, ஓணான் வளர்ப்பவர்களுக்குத் தீனியாக டப்பா டப்பாவாக விற்கப்படுவது. 1978இல் கலிஃபோர்னியாவில் ஒரு ராணுவக் கிடங்கில் இதை முதலில் கண்டார்கள். இன்று அமெரிக்காவின் தென்மேற்கு மாநிலங்களில் தண்ணீர் மீட்டர் பெட்டி, கான்கிரீட் விரிசல், எருக்குவியல் எங்கும் இதுதான். அங்கே முன்பு வீட்டுக்கு வெளியே ஆதிக்கம் செலுத்திய கீழைக் கரப்பானையே ஓரங்கட்டிவிட்டது. 2013இல் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாக ஆய்வாளர்கள் காரணத்தைச் சொன்னார்கள்: இது சீக்கிரம் வளர்கிறது, அதிகம் முட்டையிடுகிறது. இணையத்தில் நடக்கும் தீனி வியாபாரமும் இது பரவக் கைகொடுத்திருக்கலாம் என்று எச்சரித்தார்கள். வறட்சியையும் வெயிலையும் தாங்கிப் பழகிய பூச்சி நம் ஊர்ச் சாக்கடை மூடிக்குக் கீழே போய்ச் சேர்ந்தால் யார் திருப்பிப் பிடிப்பது?

அதனால் குஞ்சுகளை உற்றுப் பாருங்கள். டோமினோவின் குஞ்சு இறக்கையில்லாமல், வட்டமாக, பழுப்பாக இருக்கும். கிளறினால் உடனே மண்ணுக்குள் புதைந்துகொள்ளும். சிவந்த பழுப்பு நிறத்தில், நீளவாக்கில், மண்ணுக்குள் போகாமல் மேலேயே விறுவிறுவென்று ஓடினால் வாங்காதீர்கள். அறிவியல் பெயரைச் சொல்லத் தெரியாதவரிடம் எதையும் வாங்காதீர்கள்.

"கடையே வேண்டாம், நானே புதர்க்காட்டில் பிடித்துக்கொள்கிறேன்" என்கிறீர்களா? அங்கே இன்னும் உஷாராக இருக்க வேண்டும். அதே புதர்க்காட்டில், அதே கருப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளிகளோடு ஆறுபுள்ளித் தரைவண்டு ஒன்று திரிகிறது. அதைத் தொந்தரவு செய்தால் எரிக்கும் அமிலத்தைப் பீய்ச்சியடிக்கும். குனிந்து முகத்தருகே வைத்துப் பார்க்கும் குழந்தையின் கண்ணில் பட்டால் என்ன ஆகும்? அந்த வண்டைப் போல வேடம் போட்டுத்தான் டோமினோ தப்பிக்கிறது என்று பூச்சியியலாளர்கள் கருதுகிறார்கள். பறவையை ஏமாற்றும் வேடம் உங்களையும் ஏமாற்றும். வெறுங்கையால் எடுக்காதீர்கள்.

சட்டமும் இருக்கிறது. சரணாலயம், தேசியப் பூங்காவுக்குள் அனுமதியில்லாமல் பூச்சிகூடப் பிடிக்கக் கூடாது. 2008இல் டார்ஜிலிங் அருகே சிங்கலிலா தேசியப் பூங்காவில் பூச்சி பிடித்த இரண்டு செக் நாட்டவர் கைதாகி, நீதிமன்றத்தில் தண்டனையும் பெற்றார்கள். "நாலு முட்டை உறை அனுப்பு, டாலர் தருகிறேன்" என்று வெளிநாட்டுக்காரர் யாராவது கேட்டால் மயங்காதீர்கள். 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டப்படி, நம் உயிரினங்களை வெளிநாட்டவர் பெறத் தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் முன் அனுமதி வேண்டும். அந்த ஆணையத்தின் தலைமையகம் சென்னையிலேயே இருக்கிறது.

இனி மண்ணுக்கு வருகிறேன். வளர்ப்பவர்கள் அதிகம் கோட்டைவிடுவது இதில்தான். புள்ளி வைத்த வளர்ந்த பூச்சி சில மாதம்தான் உயிரோடு இருக்கும். ஒவ்வொன்றாகச் செத்துப்போகும். "அவ்வளவுதான், போச்சு" என்று மனம் வெறுத்துப் பெட்டியைக் குப்பைத் தொட்டியில் கவிழ்த்துவிடுகிறார்கள். ஐயோ, கவிழ்க்காதீர்கள்! பெண் பூச்சி முட்டைகளைக் கெட்டியான உறைக்குள் அடுக்கி, மண்ணில் ஆங்காங்கே விட்டிருக்கும். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். பழுப்பு நிறம், ஒரு விளிம்பு மட்டும் ரம்பப்பல் போலிருக்கும். தெரியாதவர் மரச்சிராய் என்று ஊதித் தள்ளிவிடுவார். அது பொரிக்கவே மாதக்கணக்காகும். பொரித்த குஞ்சுகள் மேலும் பல மாதம் மண்ணுக்கடியிலேயே வளரும். மேலே ஒன்றும் அசையவில்லை என்றால் உள்ளே ஒன்றுமில்லை என்று அர்த்தமில்லை.

ஆகவே நாலு விரல் ஆழத்துக்காவது மண் போடுங்கள். ஒரு பாதி ஈரமாக, மறுபாதி காய்ந்து இருக்கட்டும். முழுக்க நனைத்தால் பூஞ்சை, முழுக்கக் காயவிட்டால் குஞ்சுகள் சாகும். உரம் கலந்த தோட்டமண் ஆகாது. மருந்தடித்த தோப்பின் சருகு ஆகவே ஆகாது. பெட்டி இருக்கும் அறையில் கொசுவிரட்டி திரவம், சுருள், பூச்சிச் சாக்பீஸ் எதுவும் கூடாது; கொசுவைக் கொல்லும் மருந்து கரப்பானைப் பார்த்து ஒதுங்கிப் போகாது. எறும்பு ஏறாதபடி பெட்டியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்துங்கள்.

வீட்டில் இழுப்பு உள்ளவர் இருந்தால் இந்த ஆசையையே விட்டுவிடுங்கள். கரப்பானின் எச்சமும் உரித்த தோலும் காய்ந்து தூளாகி மூச்சில் கலக்கும். அமெரிக்க நகரங்களில் ஆஸ்துமா உள்ள 476 குழந்தைகளிடம் நடந்த ஆய்வில் 36.8 சதவீதம் பேருக்குக் கரப்பான் ஒவ்வாமை இருந்ததாக 1997இல் வெளியானது. அது வீட்டுக் கரப்பானைப் பற்றிய ஆய்வுதான். ஆனாலும் புள்ளி வைத்த கரப்பானும் தோல் உரிக்கிறது, எச்சமிடுகிறது. இறால், நண்டு சாப்பிட்டால் தடிப்பு வருபவர்களும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அவற்றிலுள்ள ஒரு புரதம் கரப்பானிலும் உண்டு. மண்ணைக் கிளறும்போது முகக்கவசமும் கையுறையும் போடுங்கள். படுக்கையறையில் பெட்டி வேண்டாம்.

வளர்ப்பதை நிறுத்துவதானால் டோமினோ பெட்டியை மண்ணோடு சேர்த்து, வளர்க்கத் தெரிந்த இன்னொருவரிடம் கொடுங்கள். நம் ஊர்ப் பூச்சிதானே என்று காட்டில் கொண்டுபோய் விடாதீர்கள்; பெட்டியில் பெருகிய செள்ளும் பூஞ்சையும் கூடவே போகும். துர்க்கிஸ்தான் கரப்பான் என்று தெரியவந்தால் மண்ணை ஒரு கைப்பிடிகூட வெளியே கொட்டக் கூடாது. இறுகக் கட்டி, சில நாள் உறைநிலைப் பெட்டியில் வைத்துவிட்டு, பிறகு கொதிக்கும் தண்ணீரை அடிமண் வரை இறங்கும்படி ஊற்றுங்கள். ஆறியதும் உறைகளைத் தேடியெடுத்து நசுக்கிவிட்டுத்தான் குப்பையில் போட வேண்டும்.