லேபிளை மாத்தினா... ஆந்தை காணாமப் போகும்!

மியூசியம்னதும் என்ன ஞாபகம் வருது பாஸ்? ஸ்கூல் டூர்ல வாத்தியார் வரிசையா நிக்கவெச்சு கூட்டிட்டுப் போனது, கண்ணாடிப் பெட்டிக்குள்ள தூசி படிஞ்ச கழுகு, 'எப்படா புளிசாதப் பொட்டலத்தைப் பிரிப்போம்'ங்கிற பசி... அவ்வளவுதானே? ஆனா, நிஜ சினிமா ஓடுறது அங்கே பூட்டிக்கிடக்கிற கதவுகளுக்குப் பின்னாலதான். திருட்டு, போலி, துப்பறிதல்னு அத்தனை மசாலாவும் உண்டு!

லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் 1881-ல் திறக்கப்பட்டது. உள்ளே நுழைந்ததும் தலைக்கு மேலே 25 மீட்டர் நீளத்துக்கு ஒரு நீலத் திமிங்கல எலும்புக்கூடு தொங்கும். எல்லோரும் போட்டோ எடுப்பது அங்கேதான். ஆனால், அந்த மியூசியத்திடம் இருப்பது சுமார் 8 கோடி பொருட்கள். நாம் பார்ப்பது அதில் துளியூண்டு!

பறவைகளின் குடோன், லண்டனுக்கு வெளியே டிரிங் என்ற சின்ன ஊரில் இருக்கிறது. இழுப்பறையைத் திறந்தால், கண்ணுக்குப் பதில் பஞ்சு வைத்த பறவைகள் மல்லாந்து படுத்திருக்கும். ஒவ்வொன்றின் காலிலும் ஒரு குட்டி லேபிள். யார் பிடிச்சது, எங்கே, எந்தத் தேதியில... நிஜமான சொத்து அந்த லேபிள்தான்!

'ஒரு துண்டுக் காகிதத்துக்கு இவ்வளவு பில்டப்பா?'னு கேக்காதீங்க. பிரிட்டனில் வல்லூறுகளின் முட்டைகள் அடைகாக்கும்போதே உடைந்துகொண்டிருந்தன. டெரிக் ராட்கிளிஃப் என்ற ஆய்வாளர், மியூசியங்களிலும் தனியாரிடமும் இருந்த பழைய முட்டை ஓடுகளைத் தேதிவாரியாக ஒப்பிட்டார். 1947-ஐ ஒட்டி ஓடு திடீரென மெலிந்திருந்தது! 1967-ல் அவர் இதை வெளியிட்டார். குற்றவாளி டி.டி.டி. பூச்சிமருந்து. முட்டையில் தேதி எழுதாமல் விட்டிருந்தால், கேஸ் அம்பேல்!

சரி, அந்த லேபிளிலேயே ஒருத்தர் பொய் எழுதினா?

எழுதினார். பெயர் ரிச்சர்ட் மைனர்ட்ஸ்ஹேகன். பிரிட்டிஷ் ராணுவ கர்னல், பறவை ஆராய்ச்சியில் பெரிய புள்ளி. 1954-ல் சுமார் 20 ஆயிரம் பறவைத் தோல்களை இந்த மியூசியத்துக்கே அன்பளிப்பாகக் கொடுத்தார். 'ஆஹா, வள்ளல்!' என்று எல்லோரும் கைதட்ட... 1990-களில்தான் குட்டு உடைந்தது. அதில் பல, அதே மியூசியத்திலிருந்து அவர் சுட்டுட்டுப் போனவை. பழைய லேபிளைக் கழற்றிவிட்டு, 'நான் பிடிச்சது' என்று புது லேபிள் மாட்டியிருக்கிறார் மனுஷன்!

இதில் மாட்டிக்கொண்டது நம்ம நாட்டு ஆந்தை. ஃபாரஸ்ட் ஆவ்லெட் என்ற குட்டி ஆந்தையை 1873-ல் உலகுக்கு அறிவித்தவர், காங்கிரஸ் கட்சி உருவாகக் காரணமான அதே ஏ.ஓ.ஹியூம். 1884-க்குப் பிறகு அது யார் கண்ணிலும் படவில்லை. மைனர்ட்ஸ்ஹேகன் மட்டும் '1914-ல் குஜராத்தின் மாண்ட்வியில் பிடித்தேன்' என்று ஒரு ஸ்பெசிமன் காட்டினார். அதை நம்பித் தேடியவர்கள் திசை மாறிப்போனார்கள்.

அமெரிக்க ஆய்வாளர் பமீலா ராஸ்முசனுக்குச் சந்தேகம் வந்தது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். உள்ளே இருந்த தையலும் பஞ்சும் வேறொருவரின் கைவேலை! 1880-களில் ஜேம்ஸ் டேவிட்சன் என்ற அதிகாரி சேகரித்த பறவை அது. மாண்ட்வியைத் தூக்கிப் போட்டுவிட்டு, நம்பகமான பழைய லேபிள்களை மட்டும் பிடித்துக்கொண்டு கிளம்பியது ராஸ்முசன் டீம். 1997 நவம்பர்... மகாராஷ்டிராவில் சாத்பூரா மலையடிவாரம். பகல் வெளிச்சத்தில், இலையில்லாத கிளையில், கூலாக உட்கார்ந்திருந்தது ஆந்தை. 113 வருஷத்துக்குப் பிறகு!

கதை இத்தோடு முடியலை. 2009 ஜூனில் ஒரு ராத்திரி, டிரிங் குடோனின் ஜன்னலை உடைத்து ஒருவன் உள்ளே இறங்கினான். 299 பறவைகள் அபேஸ். சிக்கியவன் இசை படிக்கும் 20 வயது காலேஜ் ஸ்டூடன்ட்! மீன் தூண்டிலில் கட்டும் அலங்காரப் பூச்சிகளுக்கு அந்த இறகுகள் செம விலை. போலீஸ் முழுசாக மீட்டது 174. அதில் லேபிளோடு இருந்தவை 102 மட்டுமே. மற்றவை திரும்பி வந்தும் பிரயோஜனம் கம்மி. எந்த ஊர், எந்த வருஷம் என்று இனி யார் சொல்வது?

நம்ம லேப்ல என்ன நடக்குது? ஊசல் ஆடி முடியறதுக்குள்ள, பக்கத்து பெஞ்ச்ல ரீடிங்கை வாங்கி, விடை 980-க்குப் பக்கத்துல வர்ற மாதிரி 'அட்ஜஸ்ட்' பண்ணி, ரெக்கார்டு நோட்டுல கையெழுத்தும் வாங்கிடுறோம். 'இதனால யாருக்கு என்ன நஷ்டம்?'னு தோணும். மைனர்ட்ஸ்ஹேகனுக்கும் அப்படித்தான் தோணியிருக்கும்!

அடுத்த தடவை மியூசியம் போனா, பறவையைப் பார்த்துட்டு அப்படியே நகர்ந்துடாதீங்க. கீழே இருக்கிற சீட்டையும் கொஞ்சம் படிங்க பாஸ்.